ஐந்தாம் தேதி தாண்டினால்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அக்காவை மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். நமக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ராத்திரிதான். ஆனால் அந்த ராத்திரி முழுக்க அவள் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை.

மாடியில் குடியிருக்கும் தம்பி சொன்னது ஒரே ஒரு விஷயம். "இனிமே வாடகையை உன் கையில தரப்போறதில்லக்கா. நாளைக்கு மாமா டூட்டி முடிஞ்சு வந்ததும் அவர்கிட்டயே குடுத்து ரசீது வாங்கிக்கறேன்."

வேறு ஒருத்தியாக இருந்தால் 'விட்டது தொல்லை' என்று போய்ப் படுத்திருப்பாள். நம் அக்காவால் அப்படிப் படுக்க முடியவில்லை. காரணம், இரண்டு மாதமாக அவள் ஒரு தில்லுமுல்லு பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன் இந்த மாடிக்குக் குடிவந்தபோது சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா வீட்டுல போய் ஒண்டிக்கிட்டான்" என்றார்கள். அவனோ ரோஷக்காரன். "எனக்கு முன்னாடி இருந்தவருக்கு என்ன அக்ரிமென்ட்டோ அதேதான் எனக்கும். ஒரு வரி குறையக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நின்றான். அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். இப்படி ஒரு ஆள் வந்து கேட்டால் அவருக்குக் கசக்குமா? பழைய பத்திரத்தை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றினார்.

முதல் தேதி வாடகை. பன்னிரண்டாயிரம். ஐந்தாம் தேதி வரை சலுகை. ஆறாம் தேதியிலிருந்து, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது ஃபைன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஐம்பது ஒரு நாள் தங்களுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று யார் கண்டது?

இரண்டு மாதமாகத் தம்பிக்குக் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகிறதாம். ஐந்தாம் தேதிக்குள் புரட்ட முடியவில்லை. அக்கா என்ன செய்தாள்? தான் வேலை பார்க்கும் பல் செட் லேபில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தை எடுத்து, ஐந்தாம் தேதி சாயங்காலம் ஒரு கவரில் போட்டு, "தம்பி குடுத்தான்" என்று கணவரிடம் நீட்டினாள். அவர் வாடகை நோட்டில் ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பதினொன்றாம் தேதி தம்பி கொண்டுவந்து தந்தான். அடுத்த மாதம் பதின்மூன்றாம் தேதி. இரண்டு தடவையும் வாடகை ஒரு கவர், ஃபைன் தனி கவர்.

வாடகை, அக்கா போட்ட பணத்துக்கு ஈடாகிவிட்டது. ஃபைனை என்ன செய்வது? கணவரிடம் தர முடியாது, குட்டு உடைந்துவிடும். தம்பியிடம் திருப்பித் தர முடியாது, குதிப்பான். இரண்டு கவரும் பிரிக்காமலே, லேபிலிருந்து கொண்டுவந்த காலி பிளாஸ்டர் டப்பாவில் கிடக்கின்றன. தம்பி ரசீது கேட்டபோதெல்லாம் "மாமாவுக்கு நேரமில்லடா, எழுதித் தருவாரு" என்று இழுத்தடித்தாள். யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை, யார் மனமும் நோகவில்லை என்பது அவள் எண்ணம். நல்ல மனசுதான். அதை நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆக, இன்று ஆறாம் தேதி.

காலையில் கணவரிடம் தானே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க..."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லு. ஏழு நிமிஷம் இருக்கு."

ஏழு நிமிஷத்தில் எதைச் சொல்வது? எங்கே ஆரம்பிப்பது? அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இன்னைக்கு மழை வருமான்னு..."

"வராது" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். அக்காவுக்குத் தன்னையே இரண்டு அறை அறையலாம் போல இருந்தது.

லேபிலும் வேலை ஓடவில்லை. அவளுடைய வேலை பல் செட் அடுக்குவது. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மேலும் கீழுமாகத் தாடை ஸ்டாண்டில் பொருத்தி, மெழுகை விளக்கில் இளக்கி, ஒவ்வொரு பல்லாகப் பதிக்க வேண்டும். இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இன்று கண்ணைத் திறந்துகொண்டே தப்பு செய்தாள்.

பக்கத்து மேஜையில் பீங்கான் பல் செய்கிறவன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது? இடது பக்கத்துக் கோரைப்பல்லை வலது பக்கம் ஏத்தி வெச்சிருக்கீங்க. இந்த மனுஷன் போட்டுக்கிட்டுக் கடிச்சா சொந்த நாக்கைத்தான் கடிப்பாரு."

"ஐயையோ" என்று மெழுகைச் சுரண்டி எடுத்தாள். சரி பண்ணி முடிப்பதற்குள் இன்னொரு பல்லைக் கீழே தவறவிட்டாள்.

மூன்றரை மணிக்கு போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நான் அரை நாள் லீவு போட்டுட்டேன். மாமா நாலு மணிக்கு வந்துடுவாருல்ல?"

"இருடா, நானும் வந்துடறேன். நான் வர்றவரைக்கும் எதுவும் பேசாத."

"நீ எதுக்கு? வாடகை குடுக்கத்தானே போறேன். அதுக்குக் கூடவா நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்?"

பர்னரை அணைத்தாளோ இல்லையோ, பாய்ந்தடித்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கென்று பார்த்து பஸ்ஸும் ஆடி அசைந்து வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி நாலரை. உள்ளே தம்பியின் குரல் கேட்டது.

"ஏழாயிரம் இருக்கு மாமா. மிச்சம் அஞ்சாயிரத்தைப் பதினஞ்சாம் தேதிக்குள்ள குடுத்துடறேன். எத்தனை நாளாகுதோ அத்தனை நாள் ஃபைனும் தர்றேன். சம்பளம் தள்ளிப்போகுது, என்ன பண்றதுன்னு தெரியல. இதோட மூணு மாசமா இப்படித்தான். உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு."

"மூணு மாசமா?" என்றார் டைம்கீப்பர்.

"போன ரெண்டு மாசமும் லேட்டாத்தானே குடுத்தேன். பதினொண்ணு, அப்புறம் பதிமூணு. ஃபைனோட."

"எந்த ஃபைன் மாப்ள?"

அக்கா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் அலமாரியிலிருந்து நீளமான நோட்டை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, தம்பியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாரு. அஞ்சு. அதுக்கடுத்த மாசமும் அஞ்சு. என் கையெழுத்து இருக்கு. நீ ஒரு நாள் கூட லேட்டானதில்லையே."

தம்பி நோட்டைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் எந்த வயர் அறுந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கிறவனுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? மெதுவாகத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான்.

"நீ கட்டினியா?"

அக்கா நேராக உள்ளே போனாள். டப்பாவிலிருந்து இரண்டு கவரையும் எடுத்து வந்து நோட்டின் மேல் வைத்தாள். ஒன்றின் மேல் தம்பியின் கையெழுத்தில் முந்நூறு என்றும், இன்னொன்றின் மேல் நானூறு என்றும் எழுதியிருந்தது.

"பிரிச்சுக்கூடப் பாக்கலடா. சத்தியமா."

"பிரிக்கலையா? எந்தக் கவர்ல என்ன இருக்குன்னு உனக்கு என்ன கவலை! நான் பாட்டுக்கு ஃபைன் கட்டிட்டேன், யாருக்கும் கடன்படலன்னு நிம்மதியா இருந்தேன். கடைசியில ரெண்டு மாசம் உன் தயவுல குடியிருந்திருக்கேன். ஊர்ல சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எனக்கு மட்டும்தான் தெரியல."

"அப்படியெல்லாம் இல்லடா. ஒரு வாரம் முன்னப்பின்ன ஆனா என்ன, நம்ம வீடுதானேன்னு..."

"நம்ம வீடு இல்லக்கா. உன் வீடு. நான் வாடகைக்காரன். வாடகைக்காரனா இருக்கத்தான் நான் வந்தேன். நீ என்னை அதுக்குக்கூட லாயக்கில்லாதவனா ஆக்கிட்ட."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அவன் ஸ்கூலுக்கு லேட்டானால், 'வழியில சைக்கிள் பஞ்சர் சார்' என்று வாத்தியாரிடம் புளுகியது இவள்தான். அப்போது அவன் இவள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பான். அவனுக்கு இப்போது நாற்பது வயதாகிறது என்பதை அவள் எப்படியோ கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

"மாமா, ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க" என்றான் தம்பி.

நின்றுகொண்டே எழுதினான். இன்றிலிருந்து முப்பது நாளில் மாடிப் போர்ஷனைக் காலி செய்கிறேன் என்று மூன்று வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினான். டைம்கீப்பர் வாங்கிப் படித்தார். கை பழக்கம், என்ன செய்வது? பேப்பரின் மூலையில் '4.52' என்று நேரம் குறித்தார். குறித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் தம்பி படியேறிவிட்டான். ஏழாயிரம் மேஜை மேலேயே கிடந்தது.

ஹாலில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். அவர் ஸ்கேலை எடுத்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். நோட்டில் இரண்டு ஐந்தையும் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே பதினொன்று, பதின்மூன்று என்று எழுதினார். பக்கத்தில் திருத்தம் என்று சின்னக் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு அந்தப் பேனா தன் நெஞ்சின் மேல் போவது போல இருந்தது.

"திட்டறதா இருந்தா திட்டிடுங்க" என்றாள்.

"இருபத்தாறு வருஷமா எழுதறேன். மந்திரி போற பஸ்ஸா இருந்தாலும் லேட்டுன்னா லேட்டுன்னுதான் எழுதியிருக்கேன். என்னைப் பொய் எழுத வெச்ச ஒரே ஆள் நீதான்."

"சொன்னா ஃபைன் போடுவீங்கன்னு பயந்தேன்."

"போட்டிருப்பேன். அவனும் கட்டியிருப்பான். கட்டிட்டுத் தலை நிமிர்ந்து மேல ஏறிப் போயிருப்பான்." அவர் பேனாவை மூடினார். குரல் இறங்கியது. "அவன் கோபம் எனக்குப் புரியுது. எனக்கு எது வலிக்குதுன்னா, என்னைப் பாத்து நீ பயந்திருக்க. காலையில கூட ஏதோ சொல்ல வந்த. மழை வருமான்னு கேட்ட. நான் அவ்வளவு மோசமான ஆளா?"

அக்கா அழுதுவிட்டாள். அவர் அவளை அழ விட்டார். இந்தத் தடவை மணியைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நீங்க மேல போய் ஒரு வார்த்தை பேசுங்களேன். நீங்க சொன்னா கேப்பான்."

"நான் யாரு? வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அக்ரிமென்ட்ல ஓனர்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?" என்று ரசீது புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஓனர் போய்ப் பேசு."

இந்த வீட்டின் கடனை அக்கா பதினான்கு வருஷம் தன் சம்பளத்தில் கட்டியிருக்கிறாள். ஆனாலும் ஓனர் என்ற வார்த்தை தன்னைக் குறிக்கும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. முகத்தைக் கழுவினாள். ரசீது புத்தகம், இரண்டு கவர், ஏழாயிரம், பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஏறும்போதே வாய்க்குள் நாலு விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள். நாலுமே அவளுக்கே பிடிக்கவில்லை.

தம்பி மாடி வராந்தாவில் டூல்ஸ் பையைக் கவிழ்த்து, ஸ்பேனர்களைச் சைஸ் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சமாதானம் பண்ண வந்தா கீழ போயிடுக்கா."

"சமாதானம் பண்ண வரல. ஃபைன் வசூல் பண்ண வந்தேன்."

ஸ்பேனர் ஒன்று கையிலேயே நின்றது.

அக்கா எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முதல் கவரைப் பிரித்தாள். எண்ணினாள். முந்நூறு. அந்த மாத வாடகையையும் சேர்த்து ரசீது எழுதினாள். இரண்டாவது கவரைப் பிரித்தாள். எண்ணினாள். நானூறு. அதற்கும் ஒரு ரசீது. கிழித்துத் தரும்போது ஓரம் கோணலாகப் போயிற்று. தன் தம்பியிடமிருந்து ஐம்பது ஐம்பதாக ஃபைன் எண்ணி வாங்குவது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நாம்தான் பார்க்கிறோமே. சும்மா தருவது அதைவிடப் பத்து மடங்கு சுலபம்.

"இந்த மாசம் ஏழாயிரம் வரவு வெச்சாச்சு. அதுக்கு இது ரசீது. இன்னைக்கு ஆறாம் தேதி. ஒரு நாள் ஃபைன் பாக்கி."

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். கண் அவள் மேலேயே இருந்தது. 'இருக்கட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்' என்ற வார்த்தை அக்காவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை அங்கேயே பிடித்து நிறுத்தினாள். நூறை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு, ஐம்பதை அந்த ரசீதிலேயே குறித்து, மீதி ஐம்பதை எடுத்துக் கொடுத்தாள்.

"பதினஞ்சாம் தேதி வரைக்கும் டைம் குடுப்பியாக்கா?"

"எடுத்துக்கோ. நாளுக்கு அம்பது."

"கூடப் பொறந்தவன்னு ஒரு சலுகையும் கிடையாதா?"

"அஞ்சு நாள் குடுத்தேனே. அது எல்லாருக்கும் உண்டு."

அவன் மீதி ஐம்பதைச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு உதட்டோரம் லேசாகக் கோணியது. "சரியான கறார் பேர்வழியா இருக்கியே" என்றான். மூன்று ரசீதையும் விரலால் நீவி, வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கும் ஃபைலில் ஒன்றன் கீழ் ஒன்றாகச் செருகினான்.

"ரெண்டு மாசமா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா. தப்புதான். உன்னைச் சின்னவனாவே நினைச்சுட்டேன்" என்றாள் அக்கா. நாலு விதமாக ஒத்திகை பார்த்தது எதுவும் இல்லை. இது ஐந்தாவது.

"நோட்டீஸை நான் திருப்பிக் கேக்க மாட்டேன்."

"நானும் திருப்பித் தர மாட்டேன்."

"ஆனா முப்பது நாள் இருக்கு" என்றான். "அதுக்குள்ள பாப்போம்."

அக்காவுக்கு அவ்வளவு போதும். இன்னும் ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுப்போகும் என்று பட்டது. எழுந்துகொண்டாள்.

படி பாதி இறங்கியிருப்பாள். கீழேயிருந்து தம்பியின் மனைவி ஏறி வந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். காலையிலிருந்து நின்று நின்று கால் வீங்கி, கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் வந்தாள். அக்காவின் கையில் ரசீது புத்தகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன அண்ணி, வாடகை ரசீதா?"

"ஆமாம்மா. ஃபைனுக்கும் சேத்துத்தான்."

"ஃபைனா? எதுக்கு?"

"லேட்டானதுக்குத்தான். இதோட மூணு மாசமாச்சே. அவனுக்குத்தான் சம்பளம் தள்ளிப்போகுதே, உனக்குத் தெரியாததா?"

அவள் முகத்தில் இருந்த களைப்பு மெல்ல வேறு ஏதோவாக மாறியது. "சம்பளமா? யாரு சொன்னா? ஒண்ணாம் தேதி டாண்ணு வந்துடுதே அண்ணி. பேங்க் மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். இந்த மாசமும் வந்துச்சு, போன மாசமும் வந்துச்சு. வாடகையை அன்னைக்கே குடுத்துட்டேன்னுல்ல என்கிட்ட சொன்னாரு?"

அக்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"அப்போ அந்தப் பணம் எங்க போச்சு அண்ணி?"

நாற்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அக்காவின் நாக்கு நுனியில் மூன்று பொய் தயாராக வந்து வரிசையில் நின்றது. 'பேங்க்ல ஏதோ கோளாறாம்.' 'என்கிட்டதான்மா குடுத்தான், நான்தான் மறந்துட்டேன்.' 'எனக்கு அவசரம்னு நான் வாங்கிக்கிட்டேன்.' மூன்றாவதைச் சொன்னால் இவள் கட்டாயம் நம்பிவிடுவாள். இன்று ராத்திரி எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

மேலே ஸ்பேனர்களைப் பையில் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அக்கா. "மேலதான் இருக்கான். நீயே கேளு."

சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். தம்பியின் மனைவி அவளைத் தாண்டி ஒவ்வொரு படியாக ஏறினாள். அக்கா அவளோடு போகவில்லை.